ஆர்டிஸின் கரடித் துப்பாக்கி

போன வருஷம் செப்டம்பரில் ஆர்டிஸ் ஸ்கோக் தான் அடித்த எல்க் மானை ஒரு கரடிக்குத் தாரை வார்த்துவிட்டு வெறுங்கையோடு மலை இறங்கினாள்.

சாயங்காலம் விட்ட அம்பு. அம்பு பட்ட மானை உடனே விரட்டினால் அது மலையைத் தாண்டி ஓடிவிடும் என்று விடியும்வரை பொறுத்திருந்து, சிநேகிதி நோரீனைக் கூட்டிக்கொண்டு ரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துப் போனாள். முந்நூறு கெஜம் போனதும் மான் கிடைத்தது. மானின் மேல் ஒரு கிரிஸ்லி கரடி சாய்ந்து படுத்திருந்தது, மத்தியானச் சாப்பாடு முடித்து சோபாவில் சாய்கிறவனைப் போல. மண்ணையும் சருகையும் வாரிப் போட்டு மானைப் பாதி மூடியும் விட்டிருந்தது. அது தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் ஆர்டிஸ்.

கரடிக்கு எதற்கு 'ங்க' போட்டோம் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து, ஓடையில் ஒரு தடவை விழுந்து எழுந்து, பிக்கப் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

மொன்டானாவில் ஹாஸ்கெல் மாதிரி எண்ணூறு பேர் இருக்கும் ஊரில் இப்படி ஒரு கதை எத்தனை நாளைக்கு ஓடும்? குளிர்காலம் முழுக்க ஓடியது. ஆர்டிஸ் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். அவள் எந்தத் தெருவில் பனி தள்ளப் போனாலும் ஒருவர் கதவைத் திறந்து, குளிரில் பல் கிடுகிடுக்க நின்று யோசனை சொன்னார். நாற்பத்தி நாலு மேக்னம் வாங்கு என்றார் ஒருவர். துப்பாக்கியே வேண்டாம், மிளகாய் ஸ்ப்ரே போதும் என்றார் இன்னொருவர். லூத்தரன் சபைப் பாதிரியார் தோர்வால்ட் ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, "ரிவால்வர்தான் ஆர்டிஸ். அது சிக்கிக்காது. ஆண்டவர் உன்னோட இருக்காரு, அது வேற விஷயம்," என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

வில்லோடு காட்டுக்குப் போகிறவர்கள் கைத்துப்பாக்கி எடுத்துப் போவது அந்தப் பக்கத்தில் புதுசு இல்லை. எல்க்கை ஏமாற்றி இருபது கெஜத்துக்குள் வரவழைக்க வேண்டுமானால் மனித வாசனை போகாமல், சத்தமே எழுப்பாமல், பெண் எல்க் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் குரலை நம்பி ஆண் எல்க்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பசித்த கரடியும் வரும். அம்பை வைத்துக் கரடியிடம் ஒன்றும் செய்ய முடியாது.

ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்தொன்று. இத்தனை வருஷமாக இடுப்பில் ஒரு ஸ்ப்ரே குப்பியை மட்டும் மாட்டிக்கொண்டு போய்வந்தவள். இனிமேல் துப்பாக்கியும் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். அதில் ஒரே ஒரு சிக்கல். ஹாஸ்கெல்லில் துப்பாக்கி விற்கிற இடம் ஒன்றுதான், பண்ணைச் சாமான் கடையின் கடைசிக் கவுண்டர். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் ரோலி. ரோலி அவளுடைய முன்னாள் புருஷன்.

விவாகரத்துக்கு ரோலி குடித்தான், அடித்தான் என்றெல்லாம் காரணம் கிடையாது. அவன் யோசனை சொல்லுவான், அவ்வளவுதான். காபிக்கு எத்தனை கரண்டி, கோழிக்கு எத்தனை மணிக்குத் தீனி, பல் தேய்க்கும்போது எந்தப் பக்கம் முதலில் என்று பத்தொன்பது வருஷம் யோசனை சொன்னான். இருபதாவது வருஷம் லாரி ஓட்டுவது எப்படி என்று ஆர்டிஸுக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவள் பெட்டியைக் கட்டினாள். அவனுடைய பெட்டியை.

அதனால் முதலில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி நகரத்துக்குப் போனாள். அங்கே பெரிய கடையில் தாடி வைத்த ஒரு பையன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கையளவு பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்தான். கைப்பிடி இளம் ஊதா நிறம்.

"மேடம் மாதிரி லேடீஸ் இதைத்தான் ரொம்ப விரும்பி வாங்குறாங்க. ஹேண்ட்பேக்ல அடங்கிடும்."

"எனக்கு இது கரடிக்கு வேணும் தம்பி."

பையன் கொஞ்சம் யோசித்தான். "கறுப்புக் கலர்லயும் இருக்கு மேடம்."

ஆர்டிஸ் திரும்பி இரண்டு மணி நேரம் ஓட்டிவந்து, நேராகப் பண்ணைச் சாமான் கடைக்குள் நுழைந்து, குதிரை மருந்தையும் நாய் தீனியையும் தாண்டிக் கடைசிக் கவுண்டரின் முன்னால் போய் நின்றாள்.

"கரடிக்குத் துப்பாக்கி வேணும். வாயைத் திறக்காம காட்டு," என்றாள்.

ரோலியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மழையில்லாத வருஷத்தில் மேகம் பார்த்த விவசாயி மாதிரி ஆகிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டான். கவுண்டர் மேல் பச்சைத் துணியை விரித்தான்.

"ஏழு வருஷத்துல நீ என்கிட்ட கேட்டு வந்த மொத விஷயம் இது, தெரியுமா?"

"வாயைத் திறக்காமன்னு சொன்னேன்."

"சரி சரி. ஆனா ஒண்ணு மட்டும்..."

அந்த 'ஒண்ணு மட்டும்' முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் அவன் எடுத்து வைத்தது நாற்பத்தி நாலு மேக்னம் ரிவால்வர், அடுப்பு ஊதுகிற குழாய் நீளத்துக்குக் குழல். தான் வைத்திருப்பதும் இதே மாதிரிதான், இதற்குக் குறைந்த எதையும் கரடி சட்டையே பண்ணாது என்றான். ஆர்டிஸ் அதைத் தூக்கிப் பார்த்தாள். லாரி ஜாக்கி மாதிரி இருந்தது.

"சுட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்," என்றாள்.

சனிக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் கூடினார்கள். ஆர்டிஸ், ரோலி, கூப்பிடாமலே வந்த பாதிரியார். பத்து கெஜ தூரத்தில் காகிதத் தட்டு ஒன்றை ரோலி ஆணியடித்து வைத்தான். ஆர்டிஸ் இரண்டு கையாலும் பிடித்து முதல் தோட்டாவைச் சுட்டாள். இடி இறங்கினாற்போல் இருந்தது. தட்டில் ஓட்டை விழுந்தது.

"பாத்தியா!" என்று ரோலி துள்ளினான்.

ஆனால் துப்பாக்கி எப்படி உதைக்கும் என்பது ஆர்டிஸின் கைக்கு இப்போது தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை விசையை அழுத்துவதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொண்டது. தோட்டா ஜல்லியில் பட்டது. மூன்றாவது வானத்துக்குப் போனது. நான்காவது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பாதிரியார் மட்டும் தன் தொப்பியைக் கழற்றி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பயப்படாதே ஆர்டிஸ், மணிக்கட்டை இறுக்கிக்க. தோளைத் தளர்த்து. மூச்சைப் பாதி விட்டு..."

"ரோலி, நீ இன்னொரு வார்த்தை பேசினே, அஞ்சாவது தோட்டா எங்க போகும்னு எனக்கே தெரியாது."

அன்றைக்குப் பூராவும் அவளால் காபிக் கோப்பையை வலது கையால் பிடிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்து மில்லிமீட்டர் பிஸ்டல். பதினைந்து தோட்டா கொள்ளும், இப்போது வேட்டை வழிகாட்டிகள் எல்லாம் இதைத்தான் கட்டிக்கொண்டு அலைகிறார்கள் என்றான் ரோலி. உதை பரவாயில்லை. ஆனால் கைப்பிடி கட்டை மாதிரி தடிமன். லாரி ஓட்டிக் காய்த்துப் போன கைதான் என்றாலும் ஆர்டிஸின் கை சின்னக் கை. விரல் விசையை எட்டியும் எட்டாமலும் நின்றது. தளர்வாகப் பிடித்ததால் மூன்றாவது தோட்டாவிலேயே வெற்றுத் தோட்டாக் கூடு பாதியில் மாட்டிக்கொண்டு பிஸ்டல் வாயைப் பிளந்து நின்றது.

"நான்தான் சொன்னேனே, சிக்கிக்கும்னு," என்றார் பாதிரியார், அளவில்லாத திருப்தியோடு.

"துப்பாக்கி மேல தப்பு இல்ல பாஸ்டர், பிடி சரியில்ல!" என்றான் ரோலி.

"கரடி வரும்போது எம் பிடி இதைவிட மோசமாத்தான் இருக்கும்," என்றாள் ஆர்டிஸ். "வேற காட்டு."

மூன்றாவது சனிக்கிழமை ரோலி அரைமனதோடு ஒரு பழைய ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். முந்நூற்று ஐம்பத்தேழு மேக்னம். இறந்துபோன ஒரு காட்டிலாகாக்காரரின் பெண்டாட்டி விற்றுக் கொடுக்கச் சொல்லிக் கடையில் விட்டுப்போனது. நாலு அங்குலக் குழல், ஆறு தோட்டா, மரக் கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஆர்டிஸ் அதை வாங்கியதுமே அவளுடைய சுண்டுவிரலுக்குக்கூட ஓர் இடம் கிடைத்தது.

ஆறு தோட்டா சுட்டாள். தட்டில் ஐந்து ஓட்டை. மறுபடி நிரப்பி, இந்தத் தடவை விறுவிறுவென்று சுட்டாள். மறுபடி ஐந்து.

ரோலி தட்டருகே போய் ஓட்டைகளை மறுபடி எண்ணினான். பிறகு கனைத்துக்கொண்டான்.

"ஆனா ஆர்டிஸ், இது கரடிக்குப் பத்தாது. கரடிக்குக் கோபம்தான் வரும்."

"உன் பீரங்கில நான் கரடியைச் சுட்டா அது சிரிக்கும். நாலுல மூணு மலைக்குத்தானே போகுது? இது படுற இடத்துல படுது."

"தோட்டாவாவது கெட்டி ஈயம் வாங்கிக்க. மெத்துனு இருக்கிறது தோல்லயே நசுங்கிடும். உள்ள இறங்காது."

ஆர்டிஸ் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இது நல்ல யோசனை," என்றாள். ரோலி இரண்டு நாள் அந்த வார்த்தையிலேயே மிதந்தான்.

துப்பாக்கி கிடைத்தது. அதை உடம்பில் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் பட்டை அதன் மேலேயே வந்து உட்காருகிறது. பையிலேயே மாட்டலாம் என்றால், பையைக் கழற்றி வைக்கும்போது துப்பாக்கியும் பையோடு போய்விடும். நெஞ்சில் மாட்டுகிற உறைதான் சரி, எல்லோரும் அப்படித்தான் என்று ரோலி ஒரு தோல் உறையைக் கொண்டுவந்து, அவளுடைய வீட்டு முற்றத்திலேயே வார்களை இழுத்துக் கட்டிவிட்டான்.

"இப்ப அம்பு விட்டுப் பாரு."

வைக்கோல் கட்டில் குறி வைத்து ஆர்டிஸ் வில்லை இழுத்தாள். இரண்டு முனையிலும் கப்பி வைத்த புது வில், அவள் பார்த்துப் பார்த்து வாங்கியது. நாணைக் கன்னத்துக்குக் கொண்டுவந்து நிதானித்து விட்டாள். பாய்ந்த நாண் நெஞ்சிலிருந்த துப்பாக்கிப் பிடியைச் சளாரென்று தட்டிவிட்டுப் போனது. அம்பு வைக்கோல் கட்டைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் வளைந்து போய், ரோலியின் பிக்கப் வண்டியின் முன் டயரில் இறங்கியது.

டயர் நீளமாகப் பெருமூச்சு விட்டது. இரண்டு பேரும் அது முடியும்வரை மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டணும்போல," என்றான் ரோலி.

தொப்புளுக்கு ஒரு சாண் மேலே, வயிற்றின் குறுக்கே இறக்கிக் கட்டினார்கள். நாண் தடையில்லாமல் போனது. உட்கார்ந்தாலும் குனிந்தாலும் கை தேடாமல் போய்ப் பிடித்தது. அதற்குப் பிறகு ஒத்திகை. ரோலி "கரடி!" என்று கத்த வேண்டும், ஆர்டிஸ் வில்லைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை உருவ வேண்டும். ஆகஸ்ட் முழுக்க இதுதான். உருவுவது வந்துவிட்டது. வில்லைப் போடுவதுதான் வரவில்லை. அந்த வில்லைக் கல்லில் போட அவளுக்கு மனசே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் குனிந்து, புல்லாகப் பார்த்துப் படுக்க வைத்தாள்.

"கரடி உன்னைத் தின்னு முடிச்சுட்டுப் பல்லு குத்திக்கிட்டிருக்கு. நீ இன்னும் பிள்ளையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டிருக்கே!" என்று கத்தினான் ரோலி.

"உன் வில்லா இருந்தா இந்நேரம் ரோட்டுலயே போட்டிருப்பேன்."

செப்டம்பர் பிறந்து சீசன் ஆரம்பிக்க நாலு நாள் இருக்கும்போது நோரீன் வீட்டுப் படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். குரல் கொடுக்க ஆளில்லாமல் எல்க் வேட்டைக்குப் போவது வீண். விஷயம் ரோலியின் காதுக்கு அரை நாளில் எட்டியது. முட்டி வலியால் மூன்று வருஷமாக அவன் மலை ஏறவில்லை. ஆனால் பெண் எல்க் மாதிரி குரல் கொடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அண்ணத்தில் வைத்து ஊதுகிற சின்ன ரப்பர் பீப்பியை வாய்க்குள் ஒட்டிக்கொண்டான் என்றால், கிழட்டு ஆண் எல்க்குகள்கூட வெட்கத்தை விட்டு ஓடிவரும்.

"நான் வரேன். பேசவே மாட்டேன்," என்றான்.

"பேச முடியாதே, வாயில பீப்பி இருக்கும்," என்று ஆர்டிஸ் யோசித்தாள். "சரி, வா."

இரண்டாவது வாரம், பனி லேசாகப் படிந்த ஒரு காலையில் டெட்ஹார்ஸ் ஓடை வழியாக ஏறினார்கள். ரோலியின் இடுப்பில் அவனுடைய பெரிய ரிவால்வர் தொங்கியது. நடக்க நடக்க அதன் குழல் வலிக்கிற முட்டியையே குறிபார்த்துத் தட்டிக்கொண்டு வந்தது. ஒரு மைல் பொறுத்தான். இரண்டாவது மைலில், ஆர்டிஸ் முன்னால் போகும் நேரம் பார்த்து, அதைக் கழற்றிப் பைக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் திணித்துவிட்டான். அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

சூரியன் மரங்களுக்கு மேலே வந்தபோது, விழுந்து கிடந்த ஒரு பைன் மரத்தின் பின்னால் ரோலி உட்கார்ந்தான். பையைப் பத்தடி தள்ளி ஒரு கிளையில் மாட்டினான். ஆர்டிஸ் அவனுக்கு முன்னால் நாற்பது கெஜம் போய், ஸ்ப்ரூஸ் மரக் கன்றுகளுக்கு நடுவே மண்டியிட்டு, நாணில் அம்பைக் கோத்துக்கொண்டாள்.

ரோலி குரல் கொடுத்தான். ஆண்துணையில்லாமல் வாடுகிற பெண் எல்க்கின் குரல். ஆர்டிஸுக்கே பாவமாக இருந்தது. மேட்டின் மேலிருந்து பதில் வந்தது, புல்லாங்குழலில் ஆரம்பித்து உறுமலில் முடிகிற ஆண் குரல். மறுபடி இவன். மறுபடி அது, இன்னும் கிட்டத்தில். கிளைகள் முறியும் சத்தம் கேட்டது. ஆர்டிஸின் கை நாணில் இறுகியது. கொம்புகளின் நுனி மரங்களுக்கிடையே தெரிந்தது. அறுபது கெஜம். ஐம்பது.

சட்டென்று எல்க் நின்றது. தலையைத் தூக்கி, ஆர்டிஸைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்த்தது. பார்த்ததும் திரும்பி, மலையே அதிர ஓடிப்போய்விட்டது.

ஆர்டிஸ் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஓடைப் பக்கத்துப் புதர்களை விலக்கிக்கொண்டு ஒரு கிரிஸ்லி, தலையைத் தாழ்த்தி, ரோலி இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. தோள் திமில் மட்டும் புல்லுக்கு மேலே ஏறி இறங்கியது. ரோலியும் பார்த்துவிட்டான். கண் பிதுங்கியிருந்தது. ஒரு கை இடுப்பைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தக் கண்கள் கிளையில் தொங்கும் பையைப் போய்ப் பார்த்தன. பை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கரடி இரண்டுக்கும் சமதூரத்தில் இருந்தது.

ரோலி பயத்தில் மூச்சை இழுத்து விட்டான்.

"ம்ம்யூ," என்றது பெண் எல்க்.

பீப்பி இன்னும் வாயில்தான் இருந்தது. கரடி காதை நிமிர்த்தியது. ரோலிக்கு உயிரே போய்விட்டது. இன்னும் வேகமாக மூச்சு வாங்கியது. "ம்யூ, ம்யூ, ம்ம்யூ..." சிறு குட்டி எல்க் ஒன்று தன்னைத் தின்ன வரும்படி ஊரையே கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"யோவ், துப்புய்யா!" என்று ஆர்டிஸ் கத்தினாள். "பீப்பியைத் துப்பு!"

கத்தும்போதே வில் கையை விட்டுப் போய்விட்டது. பாறையில் அது விழுந்து கணீரென்ற சத்தம் அவள் காதில் கேட்டது, வேறு யாருடைய வில்லோ விழுந்த மாதிரி. துப்பாக்கி கையில் இருந்தது. எப்போது உருவினாள் என்று தெரியவில்லை. ரோலி குறிக்குப் பின்னால் வராதபடி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, இருபது கெஜத்துக்கு வந்து நின்றாள்.

கரடி இரண்டு காலில் எழுந்து நின்று அவளைப் பார்த்தது. மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. துப்பாக்கி முனையின் சின்னப் புள்ளி கரடியின் நெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இங்க பாரு," என்று அவள் உரத்த குரலில் பேச ஆரம்பித்தாள். இந்தத் தடவை 'ங்க' போடவில்லை. "அது எல்க் இல்ல. அது ரோலி. அதைக் கட்டிக்கிட்டு இருபது வருஷம் நான் பட்டது போதும், நீயும் படாதே. போன வருஷம் என் மானைத் தின்னது நீயோ உங்க அண்ணனோ, அதை நான் கேக்கல. இப்ப கிளம்பு."

கரடி நாலு காலில் இறங்கியது. ஒரு செருமல். பிறகு நேராக அவளைப் பார்த்து ஓடிவந்தது.

பதினைந்து கெஜம், பன்னிரண்டு. விரல் விசையைப் பாதி அழுத்திவிட்டது. மண் தெறிக்க, பத்தாவது கெஜத்தில் கரடி முன்னங்கால்களை ஊன்றி நின்றது. அதன் மூச்சு வாடை அவளுக்கு அடித்தது. நாறிய மீனும் ஈர நாயும் சேர்ந்த வாடை. எத்தனை நேரம் அப்படி நின்றார்கள் என்று கேட்டால் ஆர்டிஸ் அரை மணி நேரம் என்பாள். ரோலி மூன்று விநாடி என்பான்.

"தூ!" என்று ரோலி துப்பினான். கடைசியாக.

பெண் எல்க் அடங்கிப்போனது. கரடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது, இவளைப் பார்த்தது. என்ன கணக்குப் போட்டதோ, உடம்பைத் திருப்பி, அவசரமே இல்லாமல் நடந்தது. போகிற வழியில் கிளையில் தொங்கிய பை மூக்கில் பட்டது. உள்ளே கடலை வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டி நாலு ஜோடி. பட்டையைப் பல்லால் கவ்வி ஓர் இழுப்பு. கிளை முறிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கரடி புதருக்குள் போய்விட்டது.

புதர் அசைவது நின்ற பிறகு ரோலி மெல்லிய குரலில் சொன்னான்: "ஆர்டிஸ். அந்தப் பைக்குள்ள..."

"சாப்பாடுதானே? போகட்டும் விடு."

"சாப்பாட்டுக்குக் கீழ."

அவள் அவனுடைய வெறும் இடுப்பைப் பார்த்தாள். புதரைப் பார்த்தாள். மறுபடி இடுப்பைப் பார்த்தாள்.

"கரடி கையில நாற்பத்தி நாலு மேக்னமா குடுத்தனுப்பினே?"

"முட்டி வலிச்சுது," என்றான் ரோலி.

ஆர்டிஸ் துப்பாக்கியை உறையில் போட்டாள். அப்படியே பைன் மரத்தின் மேல் உட்கார்ந்தாள். ரோலி நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்கத் திரும்பினாள். அவனுக்கே அது முடிவாகவில்லை. அவளுடைய தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவளும் தள்ளிவிடவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு வழிதானே.

"நீ ஏன் சுடல?" என்றான்.

"சுட்டிருப்பேன். இன்னும் ஓரடி வெச்சிருந்தா சுட்டிருப்பேன். அது வெக்கல."



மத்தியானம் ஷெரிஃப் ஆபீசில் துப்பாக்கி காணாமல் போனதாகப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள்.

"எடுத்துட்டுப் போனவரைப் பாத்தீங்களா சார்?"

"ரொம்பக் கிட்டத்துல பாத்தேன்."

"உயரம்?"

"நின்னா ஏழடி."

"தலைமுடி?"

"பழுப்பு. உடம்பு பூரா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள் அறைக்குப் போனாள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. மறுநாள் வனவிலங்கு அதிகாரிகள் இரண்டு பேர் ரோலியைக் கூட்டிக்கொண்டு போய், ஓடைக்கு மேலே அரை மைலில் பையைக் கண்டுபிடித்தார்கள். ரொட்டி போன இடம் தெரியவில்லை. துப்பாக்கி அப்படியே கிடந்தது, கைப்பிடியில் நாலு பல் பதிந்து. அன்றைக்கு அவன் அதை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு சின்ன முந்நூற்று ஐம்பத்தேழுக்குத் தன் பெயரில் விற்பனைச் சீட்டு எழுதிக்கொண்டான். கடையில் யாரும் கேட்காமலே, "முட்டிக்கு இது நல்லது," என்று எல்லோரிடமும் விளக்கினான்.

ஆர்டிஸின் வில்லுக்குப் பெரிய சேதமில்லை. குறிபார்க்கும் ஊசி வளைந்திருந்தது, கப்பியில் ஒரு கீறல். ஊசியை நிமிர்த்தி, வைக்கோல் கட்டில் நாற்பது அம்பு விட்டுச் சரி பண்ணினாள். பதினைந்து நாள் கழித்து இரண்டு பேரும் வேறொரு பள்ளத்தாக்குக்குப் போனார்கள். இந்தத் தடவை துப்பாக்கி ரோலியின் உடம்பிலேயே இருந்தது. அவன் குரல் கொடுக்க, ஐந்து கிளைக் கொம்பு வைத்த ஓர் ஆண் எல்க் பதினெட்டு கெஜத்துக்கு வந்து நின்றது. ஆர்டிஸின் அம்பு விலாவுக்குள் பாய்ந்தது. எல்க் அறுபது கெஜம் ஓடி விழுந்தது. கரடிக்கு மணக்கும் முன்னே தோலுரித்து, கூறு போட்டு, துணிப்பைகளில் கட்டினார்கள்.

அவ்வளவு கறியை முதுகில் சுமந்துகொண்டு கரடிக் காட்டில் சத்தம் போடாமல் நடக்கக் கூடாது. பாட்டுப் பாடிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ போகச் சொல்வார்கள். அவர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பின்னங்காலை எலும்போடு சுமப்பதா எலும்பை எடுத்துவிட்டுச் சுமப்பதா என்று முதல் மைலில் ஆரம்பித்தது. இரண்டாவது மைலில் கல்யாணத்துக்கு வந்த அவனுடைய மாமா குடித்துவிட்டு கேக்கில் விழுந்ததற்குப் போனது. மூன்றாவது மைலில் காபிக்கு எத்தனை கரண்டி என்பது. நாலாவது மைலில் ஆர்டிஸ் சிரித்தபடியே திட்டினாள், ரோலி திட்டு வாங்கியபடியே சிரித்தான், இரண்டு பேரின் குரலும் பள்ளத்தாக்கின் அந்தக் கரை வரை போய் மோதித் திரும்பிவந்தது. பிக்கப் நிற்கும் இடம் வரும்வரை ஓர் அணில்கூடக் கிட்டே வரவில்லை.